கல்லில் வைத்த கால்

கதை எழுதுகிறவனுக்கு ஒரு கர்வம் உண்டு. தான் எழுதியதைத்தான் வாசகர்கள் ஞாபகத்தில் வைத்திருக்கிறார்கள் என்று அவன் நினைத்துக்கொண்டிருப்பான். என்னிடம் இருந்த அந்தக் கர்வத்தை 1985-ஆம் வருஷம் ஒரு கல்யாணப் பந்தியில் ஓர் அம்மாள் உடைத்துவிட்டார்.

"உங்கள் தொடர்கதையில் அந்தப் பெண் நடுராத்திரியில் கையிலே அரிக்கேன் விளக்கோடு வாசற்படியில் நின்றுகொண்டிருப்பாளே, அதை நினைத்தால் இப்போதும் எனக்கு வயிற்றைப் பிசைகிறது" என்றார், பாயசம் ஆறுவதைக்கூடக் கவனிக்காமல்.

நான் அடக்கமாகச் சிரித்துவைத்தேன். வீட்டுக்கு வந்ததும் முதல் காரியமாகப் புத்தகத்தை எடுத்துப் புரட்டினேன். வாசற்படி இருந்தது. பெண் இருந்தாள். நடுராத்திரியும் இருந்தது. விளக்கைத்தான் காணோம்! பரணிலிருந்து பழைய பத்திரிகைக் கட்டை இறக்கித் தூசி தட்டிப் பார்த்தபோதுதான் விஷயம் விளங்கியது. அந்தப் பெண்ணின் கையில் விளக்கைக் கொடுத்தவன் நானல்ல, படம் போட்டவர். படத்தின் மூலையில் எறும்பு ஊர்கிற மாதிரி இரண்டு எழுத்துக்கள் கையெழுத்தாக இருந்தன. அவற்றைப் பார்த்ததும் எனக்குச் சுருக்கென்றது. ஏன் சுருக்கென்றது என்பதைத்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

அதற்கு முன், படம் போடுகிறவர்களைப் பற்றி இரண்டு வார்த்தை. 1950-இல் 'பொன்னியின் செல்வன்' தொடங்கியபோது கல்கி வந்தியத்தேவனுக்கு உயிர் கொடுத்தார். உருவம் கொடுத்தவர் மணியம். கொத்தமங்கலம் சுப்பு 'தில்லானா மோகனாம்பாள்' எழுதினார். சிக்கல் சண்முகசுந்தரத்தை நாயனமும் கையுமாக நம் முன்னால் உட்கார வைத்தவர் கோபுலு. சில்பியின் 'தென்னாட்டுச் செல்வங்கள்' பக்கங்களைப் பார்த்துவிட்டுத்தான், எத்தனையோ வருஷமாகத் தாங்கள் சுற்றி வந்த பிராகாரத்தில் இப்படி ஒரு சிலை இருக்கிறதா என்று தெரிந்துகொண்டவர்கள் பல பேர்.

இவர்களுக்குப் பெயர் இருந்தது. பெயர் இல்லாதவர்களும் இருந்தார்கள். வெளியூரில் உட்கார்ந்துகொண்டு, தபாலில் வரும் குறிப்பை வாங்கி, ராத்திரியோடு ராத்திரியாகப் படம் போட்டு, மறுநாள் ரிஜிஸ்தர் தபாலில் சென்னைக்கு அனுப்புகிறவர்கள். சம்பளம் கிடையாது, போனஸ் கிடையாது. இங்கிலீஷில் இதற்கு 'ஃப்ரீலான்ஸ்' என்று கம்பீரமான பெயர். எந்த ராஜாவுக்கும் கட்டுப்படாமல் கூலிக்கு ஈட்டி தூக்குகிற வீரன் என்று அர்த்தம். வால்டர் ஸ்காட்டின் 'ஐவன்ஹோ' நாவலில் வருகிறது. இந்த வியாக்கியானத்தை நான் பிற்பாடு என் நண்பரிடம் சொன்னபோது அவர் சிரித்தார். "நம்ம ஊர்ல அதுக்குப் பேரு அன்னாடங்காய்ச்சி. இங்கிலீஷ்ல சொன்னா பசி கொஞ்சம் குறையும், அவ்வளவுதான்" என்றார்.

அந்த நண்பர் தூத்துக்குடிக்காரர். விளக்கு அவருடையதுதான்.

* * *

1984-இல் ஒரு வாரப் பத்திரிகையில் நான் தொடர்கதை எழுதினேன். முத்துக்குளிக்கும் கடற்கரைதான் களம். நான் தாமிரபரணிக் கரையில் பிறந்தவன். ஆற்றில் முங்கத் தெரிந்தவனுக்குக் கடலில் முங்குவதைப் பற்றி எழுத என்ன தடை என்று நினைத்தேன். ஐந்தாவது வாரத்தில் என் கதாநாயகன் தோணியின் விளிம்பிலிருந்து, வில்லிலிருந்து விடுபட்ட அம்பு போல, தலைகீழாகக் கடலுக்குள் பாய்ந்தான். அந்த வரியை எழுதிவிட்டு எழுந்து போய் ஒரு டம்ளர் காபி குடித்தேன். அவ்வளவு திருப்தி!

பத்திரிகை வந்தது. படத்தைப் பார்த்தேன். என் கதாநாயகன் பாயவே இல்லை. ஒரு காலைக் கல்லின் மேல் வைத்துக்கொண்டு, ஒரு கையால் கயிற்றைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, நின்ற வாக்கில் தண்ணீருக்குள் இறங்கிக்கொண்டிருந்தான். கிணற்றுக்குள் வாளி இறங்குகிற மாதிரி இருந்தது. தோணியில் ஒருவன் கயிற்றை விட்டுக்கொண்டு நின்றான். அவன் என் கதையிலேயே இல்லாதவன்.

எனக்கு வந்த கோபத்தில் ஆசிரியருக்கு ஒரு கடிதம் எழுதினேன். 'கதையைப் படிக்காமல் படம் போடுகிறவர்களிடம் என் கதையைக் கொடுக்க வேண்டாம்' என்பது அதில் ஒரு வாக்கியம். மற்ற வாக்கியங்களை எழுத இப்போது கை கூசுகிறது. அடுத்த வாரத்திலிருந்து வேறொருவர் படம் போட்டார். அவருடைய கதாநாயகன் நான் சொன்னபடி தலைகீழாகவே பாய்ந்தான். நானும் சந்தோஷமாகக் கதையை முடித்தேன்.

மறு வருஷம் அந்தக் கல்யாணப் பந்தி. அதற்கும் மறு வருஷம், 1986-இல், ஓர் இலக்கியக் கூட்டத்தில் பேசுவதற்காகத் தூத்துக்குடிக்குப் போனேன்.

தூத்துக்குடிக்கு ரயிலில் போகிறவர்கள் முதலில் பார்ப்பது கடலை அல்ல, உப்பை. விடிகிற வேளையில் உப்பளங்களில் குவித்து வைத்திருக்கும் வெள்ளைக் குவியல்களைப் பார்த்தால், யாரோ வரிசையாகக் கூடாரம் அடித்திருக்கிறார்கள் என்று தோன்றும். பெரிய கப்பல்கள் வருகிற புதுத் துறைமுகம் ஊருக்குச் சற்று விலகி இருக்கிறது. அது 1974-இல் பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பட்டது. 1906-இல் வ.உ.சி. சுதேசிக் கப்பல் கம்பெனி ஆரம்பித்த காலத்துத் துறைமுகம் ஊரோடு ஒட்டியது. அங்கே தோணிகள் மாலத்தீவுக்குச் சரக்கு ஏற்றிக்கொண்டு நின்றன. பனிமய மாதா கோவிலைத் தாண்டிக் கடற்கரை ஓரமாக நடந்தால் காற்றிலேயே உப்புக் கரித்தது.

கூட்டம் முடிந்ததும் ஒரு கிழவர் என்னிடம் வந்தார். கறுத்து மெலிந்த சரீரம். நெஞ்சு மட்டும் அகலம். ஒரு காலத்தில் முத்துக்குளித்தவர் என்று அறிமுகப்படுத்தினார்கள்.

"கத நல்லா இருந்துது ஐயா. பேரன் வாசிச்சுக் காட்டுனான். ஆனா உங்க ஆளு தலைகீழாப் பாஞ்சானே, அவன் சிப்பியோட வந்திருக்க மாட்டான்" என்றார்.

"ஏன்?"

"ஏழெட்டுப் பாகம் ஆழம் போவணும். நீந்திப் போனா, போய்ச் சேரும் முன்னமே மூச்சுல பாதி செலவாயிரும். அதான் கல்லு. கால வச்சா அதுவே கொண்டுபோய்த் தரையில விட்டுரும். கல்ல விட்டதும் மேல நிக்கவன் அத இழுத்துக்கிடுவான். ஒரு நிமிஷத்துக்குள்ள கைக்கு அம்புட்ட சிப்பிய வாரிப் பையில போட்டுக் கயித்த ஆட்டணும். மேல நிக்கவன் அசந்தான்னா நம்ம கத முடிஞ்சுது." கிழவர் கொஞ்சம் நிறுத்தினார். "மொதல்ல படம் போட்டவன் பாத்தவன் ஐயா. அவன ஏன் நிப்பாட்டிட்டாங்க?"

நான் பதில் சொல்லவில்லை. அவர் வீடு எங்கே என்று மட்டும் கேட்டேன்.

* * *

கடற்கரையிலிருந்து இரண்டு தெரு உள்ளே ஒரு சின்ன ஓட்டு வீடு. திண்ணையில் 'ஓவியம், விளம்பரம், போர்ட்டிரெய்ட்' என்று ஒரு பலகை. உள்ளே நாற்பது வயசுக்காரர் ஒருவர் தோணியின் பின்புறத்தில் பொருத்துவதற்கான பலகையில் பெயர் எழுதிக்கொண்டிருந்தார். என்னைவிட நாலைந்து வயசு பெரியவர். நான் என் பெயரைச் சொன்னதும் தூரிகையைக் கீழே வைத்துவிட்டு எழுந்தார்.

"வாங்க சார், உக்காருங்க" என்றவர், உள்ளே பார்த்து, "ஒரு காப்பி போடு" என்று குரல் கொடுத்தார்.

நான் மன்னிப்புக் கேட்க ஆரம்பித்தேன். அவர் கையை ஆட்டித் தடுத்தார்.

"உங்க கடுதாசிய ஆபீஸ்ல எனக்கும் அனுப்பி வச்சாங்க சார். கதையப் படிக்காம படம் போட்டேன்னு எழுதியிருந்தீங்க. அது உண்மைதான். படிக்கல. படிக்கக் கதையே வராது சார், குறிப்புத்தான் வரும்" என்றார்.

பெட்டியைத் திறந்து ஒரு தபால் கார்டை எடுத்துக் காட்டினார். 'அத்தியாயம் 5. கதாநாயகன் முத்துக்குளிக்கிறான். அரைப் பக்கம். வியாழனுக்குள் வேண்டும்.' அவ்வளவுதான் இருந்தது. நான் காபி குடித்துக் கொண்டாடிய வாக்கியத்தை அவர் பார்த்ததே இல்லை! முத்துக்குளிக்கிறான் என்றால் எப்படிக் குளிப்பானோ அப்படிப் போட்டிருந்தார். தூத்துக்குடியில் அரசாங்கம் கடைசியாக முத்துக்குளிப்பு நடத்தியது 1961-இல். அப்போது அவருக்குப் பதினாறு வயசு. தாய்மாமன் குளிக்கப் போனார். இவர் கரையில் நின்று படம் வரைந்தார்.

"அந்த விளக்கு?" என்று கேட்டேன்.

"தோணி ராத்திரி கரைக்காத்துல கிளம்பினாத்தான் விடியும்போது பாருக்குப் போய்ச் சேரும். அந்த நேரத்துல வாசல்ல நிக்கவ கையில விளக்கு இல்லாம எப்படி சார் நிப்பா?"

பார் என்றால் கடலடியில் சிப்பி விளைகிற திட்டு. அதுவும் அன்றுதான் எனக்குத் தெரிந்தது. முத்துக்குளிப்பைப் பற்றி ஒரு நாவல் எழுதி முடித்த பிறகு!

அன்று சாயங்காலம் வரை அங்கேயே இருந்தேன். அவர் தொழிலைப் பற்றிச் சொல்லச் சொல்லக் கேட்டுக்கொண்டிருந்தேன். 'சார்' எப்போது 'தம்பி' ஆயிற்று, நான் எப்போது 'அண்ணாச்சி' என்று கூப்பிட ஆரம்பித்தேன் என்பது ஞாபகமில்லை.

அவர் சின்ன வயசில் கோவில்பட்டிக்குப் போய் ஒரு காலண்டர் ஓவியரிடம் தூரிகை கழுவினவர். அந்தக் காலத்தில் கோவில்பட்டி என்றால் கொண்டைய ராஜு. 1898-இல் பிறந்தவர், சென்னை ஓவியப் பள்ளியில் படித்தவர், திருவண்ணாமலையில் ரமணாசிரமத்தில் இருந்தவர். பிறகு நாடகக் கம்பெனிக்குத் திரைச்சீலை எழுதப் போய், அந்த வழியாகக் கோவில்பட்டிக்கு வந்து, அங்கேயே தங்கிவிட்டார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. சீடர்களே குடும்பம். அவரும் சீடர்களும் எழுதிய முருகனும் லட்சுமியும் மீனாட்சியும் சிவகாசியில் அச்சாகித் தமிழ்நாட்டில் எத்தனை வீட்டுச் சுவர்களில் தொங்கின என்று யாராலும் எண்ணிச் சொல்ல முடியாது. 1976-இல் அவர் காலமானபோது, அந்தப் படங்களுக்குத் தினம் விளக்கேற்றிக் கும்பிட்டவர்களில் பெரும்பாலோருக்கு அவர் பெயர்கூடத் தெரிந்திருக்காது.

"காலண்டர் எவ்வளவு வித்தாலும் எழுதினவனுக்கு ஒரு தடவைதான் கூலி. முத்துச் சிப்பிக் கணக்கு மாதிரிதான் தம்பி" என்றார் அண்ணாச்சி.

அந்தக் கணக்கையும் சொன்னார். பழைய வழக்கப்படி, கரைக்கு வந்த சிப்பியைப் பங்கு வைத்து, அரசாங்கம் இரண்டு பங்கை எடுத்துக்கொள்ளும். குளித்தவர்களுக்கு ஒரு பங்கு. அரசாங்கத்துச் சிப்பியைப் பிளக்காமலே ஆயிரம் ஆயிரமாக ஏலம் விடுவார்கள். உள்ளே முத்து இருக்கிறதா, வெறும் சதையா என்று விற்கிறவருக்கும் தெரியாது, வாங்குகிறவருக்கும் தெரியாது. குளித்தவனுக்கோ, தான் கொண்டுவந்த எந்தச் சிப்பியில் என்ன இருந்தது என்று கடைசி வரைக்கும் தெரியப்போவதில்லை.

"நான் போட்டு அனுப்புத படமும் அப்படித்தான். அசல் திரும்பி வராது. பிளாக் செய்யக் கொடுப்பாங்க, அங்கனயே கிடந்து போயிரும். எது நல்லா வந்துது, எத யாரு ஞாபகம் வச்சிருக்கா, எனக்கு என்ன தெரியும்?"

நான் அந்தக் கல்யாணப் பந்தி அம்மாளைப் பற்றிச் சொன்னேன். அவர் ஒன்றும் பேசவில்லை. எழுந்து உள்ளே போய், வேண்டுமென்றே கொஞ்சம் நேரம் கழித்துத்தான் வந்தார்.

* * *

பத்திரிகைப் படம் ஒன்றுக்கு வந்த மணியார்டர் இரண்டு நாள் அரிசிக்குக் காணும். அதுவும் படம் வெளியாகி ஒரு மாசம் கழித்துத்தான் வரும். ஆகையால் தோணிக்குப் பெயர், உப்புப் பாக்கெட்டுக்கு லேபிள், தீப்பெட்டிக்குப் படம், கோவில் திருவிழாவுக்குத் தட்டி, பள்ளிக்கூடத்துக்குத் தவளையின் குடல் என்று எது வந்தாலும் செய்தார். "தவளைதான் தம்பி ஒழுங்காப் பணம் கொடுத்துது" என்பார்.

ஆனால் அவருக்குப் பிரியமான வேலை வேறு. பாஸ்டல்.

பாஸ்டல் என்றால் வர்ணக் கட்டி. பார்வைக்குப் பள்ளிக்கூடத்துச் சாக்குக் கட்டி மாதிரி இருக்கும். வர்ணப் பொடியும் வெள்ளைச் சுண்ணப் பொடியும் சேர்த்து, கொஞ்சம் பிசின் தண்ணீர் விட்டுப் பிசைந்து, உருட்டிக் காயவைத்தால் பாஸ்டல். பிசின் கொஞ்சம் கூடினால் கல். கொஞ்சம் குறைந்தால் தூள். சீமைப் பாஸ்டல் பெட்டி வாங்க வசதி இல்லாததால் அண்ணாச்சி தாமே செய்துகொண்டார். எண்ணெய் கிடையாது, தண்ணீர் கிடையாது, காயவேண்டிய காத்திருப்பு கிடையாது. கட்டியால் தேய்த்து விரலால் இழுத்தால் வர்ணம். காகிதத்தில் சொரசொரப்பு இருந்தால்தான் பொடி நிற்கும். அதற்கு அவர் கண்டுபிடித்த வழி, தோணி கட்டுகிற ஆசாரிகளிடமிருந்து நைசான உப்புத்தாள் வாங்கி அதில் வரைவது. "உப்பு ஊருக்கு உப்புத்தாள்தான் பொருத்தம்" என்பார்.

அந்த நாளில் பத்திரிகைகளுக்குப் பாஸ்டல் உதவாது. மசியால் போட்ட கோட்டுப் படமானால் துத்தநாகத் தகட்டில் லைன் பிளாக் செய்து சாதாரணக் காகிதத்தில் அச்சடித்துவிடலாம். பாஸ்டலின் மங்கலுக்கும் குழைவுக்கும் ஆஃப்டோன் பிளாக் வேண்டும், வழவழப்பான காகிதம் வேண்டும். யார் செலவழிப்பார்கள்? ஆகவே பேனா சோறு போட்டது. பாஸ்டல் மனசுக்கு என்று ஆயிற்று.

ஆனால் அந்த ஊரில் பாஸ்டலுக்கும் ஒரு பிழைப்பு இருந்தது. அதைச் சொன்னால் சிலருக்கு வருத்தமாக இருக்கும். இறந்து போனவர்களின் படம்.

கடலுக்குப் போய்த் திரும்பாதவர்களின் வீட்டிலிருந்து வருவார்கள். கையில் தபால்தலை அளவில் ஒரு போட்டோ இருக்கும். கல்யாணக் கூட்டத்தில் பத்துப் பேருக்குப் பின்னால் தெரிகிற பாதி முகம் இருக்கும். சில பேரிடம் அதுவும் இருக்காது. ஒரு பெண் வந்த கதையை அண்ணாச்சி சொன்னார். புருஷன் படம் ஒன்றுகூட இல்லை. அவனுடைய அண்ணனை உட்கார வைத்து, பக்கத்தில் அவள் நின்றுகொண்டு சொல்லச் சொல்ல, இவர் வரைந்தார். நாலு சாயங்காலம். வலது புருவத்தில் ஒரு வெட்டு. போட்டார். காது அண்ணன் காது மாதிரி இல்லை, ஒட்டின காது. விரலால் அழித்து மாற்றினார். நாலாம் நாள் உதட்டோரத்தில் ஒரு சிரிப்பை வைத்தார். அவள் ரொம்ப நேரம் பார்த்தாளாம்.

"சிரிப்பு வேண்டாம் அண்ணாச்சி. அவிய சிரிக்க மாட்டாவ" என்றாளாம்.

இவர் சுண்டுவிரலால் சிரிப்பைத் துடைத்தார். அப்போதுதான் அவள் அழுதாள்.

"எண்ணெய் வர்ணத்துல இது நடக்காது தம்பி. பாஸ்டல்னா, இவருதான்னு அவங்க சொல்லுத வரைக்கும் அழிச்சு அழிச்சுப் போடலாம்" என்றார். ஐரோப்பாவில் இருநூறு முந்நூறு வருஷத்துக்கு முன்னால் ராஜாக்களும் சீமாட்டிகளும் பாஸ்டலில் படம் எழுதிக்கொண்டார்கள். வெனிஸ் நகரத்து ரோசல்பா காரியரா என்ற அம்மாளுக்கு அதற்காகவே பெரும் புகழ். தூத்துக்குடியில் அதே கட்டி, திரும்பி வராத கடல்காரனின் முகத்தைத் தேடிக் கண்டுபிடிக்க உதவியது.

பாஸ்டல் படத்துக்கு இரண்டு எதிரிகள்: அதிர்ச்சியும் ஈரமும். காகிதத்தின் மேல் பொடி சும்மா உட்கார்ந்திருக்கிறது; தட்டினால் உதிரும். கண்ணாடி போட்டால் அது படத்தில் படாமல் நடுவில் இடைவெளி விட வேண்டும். கடல் காற்றின் ஈரம் உள்ளே புகுந்தால், கறுப்பு வர்ணத்தின் மேல் உப்புப் பூத்த மாதிரி வெள்ளைப் பூஞ்சணம் பிடிக்கும். ஐப்பசி, கார்த்திகை மழை ஓய்ந்ததும், மார்கழியில் அண்ணாச்சி சைக்கிளில் கிளம்புவார். தாம் எழுதிக் கொடுத்த படம் இருக்கிற வீடுகளுக்கெல்லாம் போய், சட்டத்தைக் கழற்றி, மெல்லிய தூரிகையால் பூஞ்சணத்தைத் தட்டிவிட்டு, வெயில் காட்டி, மறுபடி மாட்டிவிட்டு வருவார். கூலி கிடையாது. ஒரு வருஷம் நானும் கூடப் போனேன். அந்தப் புருவ வெட்டுக்காரனை அங்கே பார்த்தேன். அவன் சிரிக்கவில்லை. ஆனால் எங்களைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தான்.

* * *

என் நாவலின் இரண்டாம் பதிப்பில் அந்த அம்பு வாக்கியத்தை அடித்துவிட்டுக் கல்லில் காலை வைக்கச் சொன்னேன். பெண்ணின் கையில் விளக்கையும் கொடுத்தேன். பத்திரிகை ஆசிரியருக்கும் ஒரு கடிதம் எழுதினேன். ஆனால் ஒருவருக்குப் போகவேண்டிய வேலையைக் கெடுக்க ஒரு கடிதம் போதும். திரும்ப வாங்கிக்கொடுக்கப் பத்துக் கடிதம் போதாது. இது நான் காசு கொடுக்காமல் கற்றுக்கொண்ட பாடம். காசு கொடுத்தவர் அவர்.

பிறகு பத்திரிகைகளில் தொடர்கதைகள் குறைந்தன. படங்களும் குறைந்தன. அண்ணாச்சிக்கு அறுபது வயசு ஆனபோது கண்ணில் புரை விழுந்தது. பேனா முனை எங்கே காகிதத்தைத் தொடுகிறது என்பது தெரியவில்லை என்று, பேனாவை வைத்துவிட்டார். "பேனாவுக்குக் கண்ணு வேணும் தம்பி. பாஸ்டலுக்கு விரல் போதும்" என்று எழுதியிருந்தார். பிரான்ஸில் ஷார்தான் என்ற ஓவியரும் வயசான காலத்தில் கண் உபாதையால் எண்ணெய் வர்ணத்தை விட்டுப் பாஸ்டலுக்கு வந்தவர்தான். கண்ணாடி மாட்டிக்கொண்டு 1771-இல் தம்மையே எழுதிக்கொண்ட படம் பாரிஸில் இருக்கிறது. நம் கோபுலுவும் பக்கவாதத்தில் வலக்கை போனபின் இடக்கையால் வரைந்தவர். கைவேலைக்காரர்கள் லேசில் ஓய்வதில்லை.

2008-இல் எனக்கு ஒரு பார்சல் வந்தது. பெரிய பாஸ்டல் படம். கல்லில் கால் வைத்து ஒருவன் கடலுக்குள் இறங்குகிறான். தோணியில் கயிறு பிடித்துக்கொண்டு அவன் மைத்துனன். 1984-இல் எங்கோ தொலைந்துபோன அந்தப் படத்தை ஞாபகத்திலிருந்து மறுபடி எழுதியிருந்தார். சுற்றிலும் கடல், ஒரு விநோதமான நீலம். நான் அதைக் கூடத்தில் மாட்டினேன். சென்னையும் கடற்கரைதானே, மார்கழி தோறும் நானே தூரிகையால் தட்டிவைத்தேன்.

2013-இல் அவர் கண்ணில் புரை எடுத்தார்கள். கட்டுப் பிரித்த மறுநாள் போனில் கூப்பிட்டார்.

"தம்பி, மோசம் போயிட்டேன். பத்து வருஷமாக் கடலுக்குத் தப்பான நீலம் போட்டிருக்கேன். இப்பத்தான் தெரியுது. உங்க படத்தக் கொண்டாங்க."

புரை விழுந்த கண் மஞ்சளும் பழுப்புமாகத்தான் பார்க்கும். எடுத்தபின் நீலம் நீலமாகத் தெரியும். மோனே என்ற பெரிய ஓவியருக்கும் 1923-இல் புரை எடுத்தபோது இதே கதைதான் நடந்தது. நான் அண்ணாச்சியிடம், "அந்த நீலமே நன்றாயிருக்கிறது, இருக்கட்டும்" என்றேன்.

"உங்க வரி தப்புன்னு தெரிஞ்சதும் நீங்க திருத்துனீங்கல்லா? எனக்கு மட்டும் அந்த உரிமை கிடையாதா?" என்றார்.

இதற்கு என்ன பதில் சொல்வது? ஒரு தரம் அவருடைய சரியான படத்தைத் தப்பு என்று சொன்னவன் நான். இப்போது அவர் தப்பு என்று சொல்வதைச் சரி என்று சொன்னால் மட்டும் கணக்குத் தீர்ந்துவிடுமா? முத்துநகர் எக்ஸ்பிரஸில் படத்தை மடியில் நிமிர்த்தி வைத்துக்கொண்டு, ரயில் குலுங்கும்போதெல்லாம் குழந்தையைப் பிடிக்கிற மாதிரி பிடித்துக்கொண்டு போனேன். விடியும்போது ஜன்னலில் உப்புக் குவியல்கள் தெரிந்தன. மடியில் கொஞ்சம் நீலப் பொடி உதிர்ந்திருந்தது.

அண்ணாச்சி சட்டத்தைக் கழற்றினார். ஒரே ஒரு நீலக் கட்டியை எடுத்துக்கொண்டு அரை மணி நேரம் வேலை செய்தார். கடல் கடலாயிற்று. இறங்குகிறவனின் காலடியில், கல்லுக்குக் கீழே மட்டும், பழைய நீலத்தைக் கொஞ்சம் தொடாமல் விட்டுவிட்டார்.

"அங்கே ஏன் விட்டுவிட்டீர்கள்?"

"அந்த ஆழத்துல என்ன நிறம்னு மேல நிக்கவனுக்கு என்ன தெரியும் தம்பி?"

அவருக்கு இப்போது எண்பது தாண்டிவிட்டது. அவருடைய பெயரை இந்தக் கட்டுரையில் எழுத எனக்கு ரொம்ப ஆசை. கேட்டேன். கூடாது என்றுவிட்டார். "நீங்க எழுதினா, பாவம் பாத்து எழுதினதா ஆயிரும். படத்தப் பாத்துட்டு யாராவது கேட்டா அப்பச் சொல்லுங்க."

ஆகவே வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். என் வீட்டுப் பக்கம் வந்தால் உள்ளே வாருங்கள். கூடத்தில் இடது பக்கச் சுவரில் அந்தப் படம் இருக்கிறது. நல்ல வெளிச்சம். நின்று பாருங்கள். பார்த்துவிட்டு, யார் போட்டது என்று மட்டும் கேளுங்கள்.